பவளத்துக்குத் துக்கம் விசாரித்தவர்கள்

எங்கள் ஈப்போ வீட்டில் ஏர்கான் ஓடும் ஒரே இடம் கூடம். அதுவும் மனிதர்களுக்காக அல்ல. என் கடல்நீர் மீன்தொட்டிக்காக. வெயிலில் தண்ணீர் சூடாகிவிடும் என்று படுக்கையறையில் இருந்ததைக் கழற்றி அங்கே மாட்டிவிட்டேன். அதன் பிறகு மனைவி கொஞ்ச காலம் என்னோடு பேசவில்லை.

ரப்பர் மரத்தைத் தவிர வேறெதையும் யாரும் வளர்த்துப் பார்த்திராத தோட்டத்தில் பிறந்த எனக்கு மென்பவளங்கள் மேல் எப்படி ஆசை வந்ததோ தெரியவில்லை. ஊதாவும் பச்சையுமாக, தண்ணீருக்குள் விரல்களை ஆட்டிக்கொண்டே இருக்கும் உயிர்கள். அவற்றில் மூத்தது, காளான் போலக் குடை விரித்த ஒரு மஞ்சள் பவளம். நானும் மனைவியும் அதைப் ‘பெரியவர்’ என்போம்.

ஒருநாள் பெரியவர் சுருங்கிப்போனார். மேலெல்லாம் மெழுகு பூசியதுபோல் ஒரு படலம். நான் சும்மா இருக்கவில்லை. தண்ணீரை மாற்றினேன். விளக்கை இறக்கினேன், ஏற்றினேன். பாறையோடு தூக்கி மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தேன். இணையத்தில் யார் எதைச் சொன்னாலும் செய்தேன். அவர் இன்னும் சுருங்கினார். கடைசியில் மனம் உடைந்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: ‘பெரியவர் நம்மை விட்டுப் போய்விட்டார்.’ கைப்பேசியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

என் மாமனாரும் எங்களோடுதான் இருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மதியம் கோலா கங்சாரிலிருந்து அக்காவும் அத்தானும் காரில் வந்து இறங்கினார்கள். அக்கா வெள்ளைச் சேலையில், கையில் மாலையோடு அழுதுகொண்டே வந்தாள். கேட்டைத் திறந்தவர் மாமனார். அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

“யாருக்கும்மா மாலை?” என்றார் அவர்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தொட்டியைக் காட்டினேன்.

“இந்தப் பூவுக்கா நான் லீவு போட்டு வந்தேன்? ஒனக்கு மண்டையில ஒண்ணுமே இல்ல லா.”

மாமனார் மாலையை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்ல மாலதான். கொஞ்சம் முன்னாடியே வாங்கிட்டீங்க,” என்றார். அவர் சிரித்தாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மனைவி ஒரே முடிவாகச் சொன்னாள்: “அண்ணி, இவர ரெண்டு நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க. இங்க இருந்தா மிச்சம் உள்ளதையும் நோண்டியே சாவடிச்சிருவாரு.”

கோலா கங்சாரில் அத்தான் என்னை அக்கம்பக்கத்தாருக்கு அறிமுகம் செய்துவைத்தார். மீன்தொட்டிக்கு எழவு சொன்னவன் என்ற பெயரோடு அந்தத் தெருவில் நடமாடினேன்.

திரும்பி வந்தபோது பெரியவர் அந்தப் படலத்தை உரித்துப் போட்டுவிட்டு, முன்பைவிட அகலமாக விரிந்து நின்றார். இந்த வகைப் பவளம் அவ்வப்போது தோல் உரிக்குமாம். தொந்தரவு செய்யாமல் விட்டாலே போதுமாம். அதைப் பிறகுதான் படித்தேன்.

“என்ன மாமா செஞ்சீங்க?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் செய்யலயே. பேப்பர் படிச்சேன், தூங்குனேன்.”

இப்போதெல்லாம் தொட்டிக்குள் கைவிட வேண்டுமானால் அவரிடம் கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் வேண்டாம் என்கிறார்.