ஒயர் விழுங்கிய சொல்

"தக்காளி ஒரு கிலோ, பச்சை மிளகாய் கொஞ்சம், தீப்பெட்டி ரெண்டு. சரியா?" கடைக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் திருப்பிச் சொல்வார். உள்ளேயிருந்து மனைவி "சரி" என்றால் போதாது. "என்ன சரி?" என்று அங்கேயே நிற்பார். அந்த அம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து மூன்றையும் ஒப்பித்த பிறகுதான் படியிறங்குவார். "எமனே வந்து என் உசிரைக் கேட்டாலும், இவர் அவன்கிட்ட ரெண்டு தடவை திருப்பிக் கேட்டுட்டுதான் அனுப்புவார்" என்பது அந்த அம்மாளின் அங்கலாய்ப்பு.

வேலை பார்க்கும் விமான நிலையத்தில் அவருக்கு 'ரிப்பீட்டு' என்று பேர். ஐம்பத்தொரு வயது, ஒல்லி உடம்பு. முகமும் கழுத்தும் வெயிலில் காய்ந்து கறுத்துக் கிடக்க, காதுகளைச் சுற்றி மட்டும் ஹெட்செட் மூடி மூடி வெளுத்த இரண்டு வட்டங்கள். சாப்பாட்டு அறையில் யாராவது "உப்பைத் தள்ளுங்க" என்றால், "உப்பு" என்று ஒரு முறை சொல்லிவிட்டுத்தான் தள்ளுவார். சிரிப்பவர்களைப் பார்த்து அவரும் சிரிப்பார். அதோடு சரி.

விமானம் கிளம்பும்போது அதை ஒரு வண்டிதான் பின்னால் தள்ளிக்கொண்டு போய் விட வேண்டும். வண்டிக்கும் விமானத்தின் முன்சக்கரத்துக்கும் நடுவே நீளமான இரும்புக் கம்பி ஒன்று மாட்டியிருக்கும். கூடவே நடந்து வருகிறவர் நம் ஆள். அவர் காதிலிருந்து கிளம்பும் ஒயர், விமானத்தின் மூக்குக்கு அடியில் செருகியிருக்கும். மேலே உட்கார்ந்திருக்கும் கேப்டனுக்குத் தன் சக்கரமும் தெரியாது, சக்கரத்தடியில் குனிந்திருக்கும் ஆளும் தெரியாது. அவருக்கும் சேர்த்து இவர்தான் பார்க்க வேண்டும். இருவரும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில் நாலைந்து வாக்கியம். தள்ளி முடித்ததும் இவர் பிரேக்கைப் பற்றிக் கேட்பார். "பிரேக் செட்" என்று மேலிருந்து பதில் வந்த பிறகே கம்பியைக் கழற்றலாம். முன்னாலேயே கழற்றிவிட்டால், அத்தனை டன் இரும்பைப் பிடித்து நிறுத்த அங்கே எதுவும் கிடையாது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அப்படித்தான் கழற்றினார்கள். கழற்றியவன் அவருடைய மைத்துனன், மனைவியின் ஒரே தம்பி. சிபாரிசு பிடித்து அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் இவர்தான். அன்று கேப்டன் சொன்னது "பிரேக் நாட் செட்". இன்னும் போடவில்லை என்று அர்த்தம். ஹெட்செட்டின் கரகரப்பில் அந்த 'நாட்' காணாமல் போயிற்று. கழற்றலாம் என்று இவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மைத்துனன் குனிந்து கம்பியை விடுவித்தான். மழைத்தண்ணீர் வடிவதற்காக அந்த இடத்தில் தரை லேசாகச் சரிந்திருக்கும். விமானம் ஓர் அவசரமும் இல்லாமல் உருண்டு வந்து, அவன் வலது முழங்காலுக்குக் கீழே ஏறி நின்றது.

மறுபடி கம்பியை மாட்டித் தள்ளித்தான் சக்கரத்தை இறக்க முடிந்தது. ஒன்பது நிமிஷம். அந்த ஒன்பது நிமிஷமும் அவன் இவருடைய சட்டைக் காலரை விடவில்லை.

விசாரணை நடந்தது. மேலே பதிவான ஒலியில் கேப்டனின் குரல் தெளிவாக இருந்தது. கீழே இவர் காதில் என்ன விழுந்தது என்பதற்குப் பதிவு ஏது? "பிரேக் செட் என்றுதான் கேட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஹெட்செட் கரகரக்கிறது என்று அதற்கு முன்பே மூன்று முறை புகார்ப் புத்தகத்தில் ஏறியிருந்தது. ஆகவே பழி ஒயர் மேல் விழுந்தது. புது ஹெட்செட்டுகள் வந்தன. பிரேக் போடாதபோது 'செட்' என்ற சொல்லையே யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று விதி வந்தது. இவருக்கு இரண்டு மாதம் பயிற்சி வகுப்பு, பிறகு அதே வேலை. மைத்துனனுக்குச் செயற்கைக் கால். பேசி முடித்திருந்த பெண்ணின் வீட்டார் ஒரு தடவை வந்து பழம் வைத்துவிட்டுப் போனார்கள். அப்புறம் அவர்களைக் காணோம்.

அவன் இப்போது அக்கா வீட்டில்தான் இருக்கிறான். கருவி அறையில் உட்கார்ந்தபடி ஹெட்செட்டுகளைச் சோதித்துக் கொடுக்கும் வேலை. சாப்பிடும் நேரத்தில் அக்கா, "அந்தப் பாழாப்போன ஒயரு" என்று ஆரம்பித்தால் தம்பியும் சேர்ந்துகொள்வான். இவர் தட்டோடு எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிடுவார். கை கழுவ அவ்வளவு தண்ணீர் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு காலை. விமானத்தைத் தள்ளி முடித்தாயிற்று. பிரேக்கைப் பற்றிக் கேட்டார். கேப்டன் "ஓகே" என்றார். திரும்பக் கேட்டார். "ஓகே, ஓகே, கழட்டுங்க" என்று பதில் வந்தது. இவர் விரல் எழும்பவில்லை. ஒயர் சரியில்லை, வேறு வேண்டும் என்றார். கிளம்பும் நேரம் தவறுகிறதென்று மேலே கேப்டன் கத்த, கீழே மேற்பார்வையாளர் ஓடி வந்து உள்ளே இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கத்த, இவர் ஒயரைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார். பதினொரு நிமிஷம் கழித்து வேறு ஹெட்செட் வந்தது. கேப்டன் எரிச்சலோடு ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து "பிரேக். செட்" என்றார். அதற்குப் பிறகே கட்டைவிரல் உயர்ந்தது. தாமதத்துக்கு விளக்கம் எழுதித் தரச் சொல்லி, மத்தியானத்துக்குள் தாள் வந்துவிட்டது.

கெட்டுப்போனதாகச் சொன்ன ஹெட்செட்டையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு கருவி அறைக்குப் போனார். மைத்துனன் தன் டீயை ஒதுக்கி வைத்துவிட்டு, ஹெட்செட்டைச் சோதனைப் பெட்டியில் செருகி, ஒயரை அங்குலம் அங்குலமாக வளைத்துப் பார்த்தான்.

"இதுல ஒண்ணும் இல்லையே, மாமா."

"தெரியும், மாப்ள."

"அப்புறம் ஏன் ஒயரு சரியில்லன்னீங்க?"

இவர் எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "அவர் ஓகேன்னாரு. செட்டுன்னு சொல்லல. எனக்கு அது போதல. அப்படிச் சொன்னா சண்டைக்கு வருவாங்க. ஒயருன்னா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க." கொஞ்ச நேரம் தாளை மடித்தார், பிரித்தார். "அன்னைக்கும் ஒயருன்னுதான் சொன்னேன்."

மைத்துனன் ஹெட்செட்டைக் கீழே வைத்தான். "அன்னைக்கு என்ன கேட்டுச்சு?"

"பிரேக்குன்னு கேட்டுச்சு. அப்புறம் கரகரன்னுச்சு. அப்புறம் செட்டு. நடுவுல ஏதோ சொன்னாருன்னு தெரிஞ்சுது, மாப்ள. என்னன்னுதான் தெரியல. திருப்பிக் கேட்டிருக்கலாம். ஷிஃப்ட் முடியற நேரம், பஸ்ஸு போயிடும். விரலைக் காட்டிட்டேன்."

வெளியே ஒரு விமானம் எஞ்சினை முடுக்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

வீட்டில் அறைக்கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டுதான் மைத்துனன் செயற்கைக் காலைக் கழற்றுவான். நாலு வருஷத்தில் அக்காகூடப் பார்த்ததில்லை. இப்போது கருவி அறையின் கதவு திறந்தே கிடந்தது. அவன் குனிந்து கால்சட்டையைச் சுருட்டினான். பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். கழன்று வந்த காலை, ஷூவும் காலுறையுமாக அப்படியே தூக்கி, இவர் மடியில் வைத்தான். பிறகு ஆறிப்போயிருந்த டீயை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தான். அவன் குடித்து முடிக்கும்வரை இவர் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.