அம்மா உடைத்துக் கொடுத்த மாத்திரை

அந்த வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில் அப்பாவுக்கு நெஞ்சுச்சளி பிடித்தது. சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய மெஷினில் அவர் ஆபரேட்டர். தூசியும் இருமலும் அவருக்குப் புதிதில்லை. ஆனால் இந்த முறை காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது, மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்தியது. டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு நிமோனியா என்றார். ஆண்டிபயாடிக் எழுதிக் கொடுத்து, காய்ச்சல் விட்டாலும் நிறுத்தாமல் கடைசி மாத்திரை வரை சாப்பிடச் சொன்னார்.

காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மாத்திரை பெரியது. விழுங்கியதும் அப்பாவுக்கு வயிற்றைப் புரட்டும், பேதியாகும். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதுமே அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். கையில் லீவு இல்லை. மெஷின் மேல் இருப்பவர் நினைத்த நேரத்தில் இறங்கி ஓட முடியாது. அன்று வேலை முடிந்து வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை, நேராகக் குளியலறைக்குப் போனார். என்ன நடந்தது என்று அம்மா அவருடைய யூனிஃபார்மைத் துவைக்கும்போதுதான் தெரிந்துகொண்டாள்.

மறுநாளிலிருந்து அவள் மாத்திரையை அரிவாள்மணையில் வைத்து இரண்டாக உடைத்தாள். காலையில் ஒரு பாதி, ராத்திரி ஒரு பாதி. நான் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

“ஏம்மா ஒடைக்கிற?”

“முழுசு அவரு ஒடம்புக்கு ஒத்துக்கலடி. பாதியா இருந்தாலும் மருந்து உள்ள போவுது இல்ல?”

வயிற்றுத் தொல்லை குறைந்தது. காய்ச்சலும் விட்டிருந்தது. அப்பா மீன் குழம்பு கேட்டுச் சாப்பிட்டார். அதைப் பார்த்து அம்மாவின் முகம் தெளிந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம், ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கின் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. கீழ் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. விலாவில் துளை போட்டுக் குழாய் சொருகினார்கள்.

வார்டு டாக்டர் ஒரு இளம்பெண். “முன்னாடி குடுத்த மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?” என்று அப்பாவிடம் கேட்டார்.

“நாந்தாங்க... ஷிஃப்ட் நேரத்துல... மறந்துட்டேன்.” ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது.

கட்டில் ஓரத்தில் நின்றிருந்த அம்மா பதறிப்போய் முன்னால் வந்தாள். “இல்லீங்க. என்னைக் காப்பாத்தறதுக்குச் சொல்றாரு. வயித்தப் பொரட்டுதுன்னு நாந்தான் பாதி பாதியா ஒடச்சுக் குடுத்தேன்.”

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. “பாதி மருந்துக்குக் கிருமி முழுசா சாகாதும்மா. கொஞ்சம் அடங்கிட்டு, தப்பிச்சது மறுபடி பெருகும். அப்புறம் அந்த மருந்துக்கே கட்டுப்படாமப் போயிடலாம். ஒத்துக்கலைன்னு வந்து சொல்லியிருந்தா வேற மாத்திரை மாத்திக் குடுத்திருப்போமே.”

“அப்படி வந்து கேக்கலாம்னு எனக்குத் தெரியாதுங்க,” என்றாள் அம்மா.

ஊசி மருந்தை மாற்றி மாற்றிப் போட்டார்கள். குழாய் வழியாகச் சீழ் வடிந்துகொண்டே இருந்தது. அம்மா வார்டை விட்டு நகரவில்லை. அவள் சாப்பாட்டைத் தொடாமல் இருப்பதைப் பார்த்து, குழாயை எடுத்த அன்று அப்பா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“எனக்கு என்னா கண்ணு தெரியாதா? பாதின்னு பாத்துக்கினுதானே முழுங்கினேன். அன்னைக்கு மாதிரி இன்னொரு வாட்டி அசிங்கப்படக் கூடாதுன்னு நானும்தான் சும்மா இருந்தேன். நீ மட்டும் ஏன் செமக்கற?”

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

அப்பா பிழைத்தார். ஆனால் பழைய மூச்சு திரும்பவில்லை. தூசியில் நிற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்ததால், சுரங்கத்துக்கு வெளியே ஸ்டோரில் லேசான வேலை போட்டார்கள். அவரால் மாடி ஏற முடியாததால் நாங்கள் தரைத்தள குவார்ட்டர்ஸுக்கு மாறினோம். அதன் பிறகு அவருக்குச் சாதாரணத் தலைவலி வந்தால்கூட அம்மா மாத்திரையைத் தன் கையால் எடுத்துக் கொடுப்பதில்லை. தண்ணீரை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் விழுங்கி முடிக்கும் வரை எதிரிலேயே நின்றிருப்பாள்.