அமுக்காத கை

“...திருப்பி அமுக்கலண்ணே. ரெண்டு வாட்டி கேட்டுட்டேன்” என்றான் அந்தோணி. செல்வராஜின் கழுத்தைக் கக்கத்தில் இறுக்கியபடி, கூட்டத்துக்குப் பல்லைக் காட்டிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

நான் ரெஃப்ரி. தொண்ணூறுகளில், எங்கள் தங்கச் சுரங்கம், அதாவது மைன், ஓடிக்கொண்டிருந்த காலம். எனக்கு வார நாளில் ஃபேக்டரியில் லேத் வேலை; ஞாயிறு சாயந்திரம் ராபர்ட்சன்பேட்டையில் ஷோ குஸ்தி. யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்துவிடுவோம். ஆண்டர்சன்பேட்டை அந்தோணி வில்லன், பக்கத்து ஊரான சாம்பியன் ரீப்ஸின் செல்வராஜ் ஹீரோ.

ஆனால் இரண்டு ஊர் குஸ்திக்காரர் செட்டுக்கும் ரிங்குக்குப் பின்னால் நிஜமாகவே ஆகாது. தனிக் கூடாரம், தனித் தண்ணீர்க் குடம். எதிர் செட்டோடு டீ குடித்த ஒருவனை அவன் ஆட்களே விலக்கி வைத்திருந்தார்கள். அந்தோணிக்கும் செல்வராஜுக்கும் மைனில் ஒரே ஷிஃப்ட், ஒரே டிபன் டப்பா. சுரங்கத்தை விட்டு மேலே வந்தால் அதைக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

“பெல் அடிக்காம கேஜ் நகராது” என்பார்கள் மைன்காரர்கள், சுரங்கத்தில் ஆளை ஏற்றி இறக்கும் கூண்டைச் சொல்லி. பிடியிலும் அதே கணக்கு. பிடித்தவன் மற்றவனின் கையை ஒரு முறை அமுக்கி, நல்லா இருக்கியா என்று கேட்பான். பிடிபட்டவன் திருப்பி அமுக்கினால் மேற்கொண்டு ஆடலாம். பதில் வராவிட்டால் நிறுத்த வேண்டும்.

நான் நிறுத்தவில்லை. மயங்கி விழுகிற மாதிரி நடிப்பதில் செல்வராஜ் கெட்டிக்காரன்.

“நடிக்கிறான்டா. இன்னும் ஒரு நிமிஷம் ஓட்டு, ஜனம் சூடாயிருக்குது.”

“இன்னாண்ணே பேசுற? மூஞ்சி நடிக்கும். கை நடிக்குமா?”

முன்வரிசையில் ஒரு அம்மா மண்ணை வாரி அந்தோணிமேல் எறிந்தாள். “அந்தப் புள்ளைய உடுடா, பாவி.”

கயிற்றோரம் அவன் செட்டு ஆட்கள். “உடாத மச்சான், இறுக்கு.”

குனிந்து செல்வராஜின் விரல்களைத் தொட்டேன். துணிபோலக் கிடந்தன. பிறகு வந்த ரெஃப்ரிகளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது இது ஒன்றுதான்: மூஞ்சியைப் பார்க்காதே, கையைப் பிடித்துப் பார்.

“உட்டுடு” என்றேன். “ஆனா நீயே தூக்கினா உன் ஆளுங்க உன்னச் சேத்துக்க மாட்டாங்க.”

“தெரியும்ணே.”

பிடியை விட்டான். செல்வராஜைத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்திலிருந்த தன் கூடாரத்துக்கே நடந்தான். மறித்தவர்களை முழங்கையால் ஒதுக்கினான். தங்கள் குடத்துத் தண்ணீரை செல்வராஜின் முகத்தில் அடித்துவிட்டு, கையை ஒரு முறை அமுக்கினான். காத்திருந்தான். மறுபடி அமுக்கினான். இந்த முறை அந்தக் கை திருப்பி அமுக்கியது.

அந்தோணி ஒரு சொம்பு மொண்டு அவனுக்குப் பாதி குடிக்கக் கொடுத்தான். மீதியை, இரண்டு செட்டும் பார்த்துக்கொண்டிருக்க, அதே சொம்பில் வாய் வைத்துத் தான் குடித்தான்.