மூன்று டம்ளர் கசகசாப் பாயாசம்

என் அக்கா மகள் நானூறு மீட்டர் ஓடுகிறவள். எங்கள் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் ஓடியவர்கள் எல்லாரும் பஸ்ஸுக்காக ஓடியவர்கள். அதிலும் நான் பிடித்ததைவிட விட்டதுதான் அதிகம். மாநிலப் போட்டி அந்த வருஷம் தேனியில் நடந்தது. உத்தமபாளையத்திலிருந்து முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். முதல் மூன்று பேருக்குள் வந்தால் தேசியப் பயிற்சி முகாமுக்குப் போகலாம். அதை நினைத்து நினைத்துச் சில நாட்களாகவே தூக்கமில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

என் மனைவி அந்தக் கண்களைப் பார்த்தாள். நேரே அடுப்படிக்குப் போனாள். கசகசாவை ஊறவைத்துத் தேங்காயோடு மையாக அரைத்து, பாலும் வெல்லமும் சேர்த்து ஒரு பாயாசம் வைத்தாள். எங்கள் பக்கம் தூக்கம் வராதவர்களுக்கு டாக்டரைவிட முன்னால் வருவது இதுதான்.

“குடி ஆத்தா. கண்ணு தானாச் சொக்கும்.”

அவள் மூன்று டம்ளர் குடித்தாள். நான் நான்கு. எனக்கு மறுநாள் எந்த ஓட்டமும் இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. அன்று வீடே மிதந்தது. மேற்கு மலையிலிருந்து ஒரு மேகம் இறங்கி ஜன்னல் வழியாக உள்ளே வந்து, மின்விசிறிக்குக் கீழே கொஞ்சம் சுற்றிவிட்டு என் பக்கத்தில் படுத்துக்கொண்டதாகக் கனவு கண்டேன். போர்வையில் பாதியை அதற்குக் கொடுத்தேன்.

காலையிலும் அந்த மிதப்பு தீரவில்லை. மைதானத்தில் அவள் கடைசி வளைவில் திரும்பியபோது ஓடுவதாகவே எனக்குத் தெரியவில்லை. காற்று அவளை ஒவ்வொரு இடமாகத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. இரண்டாவதாக வந்தாள். நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிப்போனது.

மூச்சு வாங்கி முடிப்பதற்குள் நீல மேல்சட்டை போட்ட ஒரு பெண்மணி அவள் பக்கத்தில் வந்து நின்றார். ஊக்கமருந்துச் சோதனை, கூட ஒருவர் வரலாம். உறவினர் என்ற பதவியோடு நான் போனேன். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பதவி அதுதான்.

பார்வையாளர் காலரிக்கு அடியில் ஒரு அறை. மேஜை, மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்கள், சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி. சிறுநீர் கொடுக்க வேண்டும், அந்தப் பெண்மணி கூடவே நின்று பார்ப்பார் என்று விளக்கினார். படித்தவன் என்று பெயர் எடுத்தவனுக்கு எதுவும் வேண்டாத நேரத்தில்தான் ஞாபகம் வரும். எனக்கு வந்தது.

“ஆத்தா, நேத்துக் குடிச்ச பாயாசம்…” என்று காதோரம் ஆரம்பித்தேன்.

“என்ன மாமா?”

“கசகசா வந்து அபினிச் செடியோட விதை. சோதனையில போதை மருந்தாட்டம் காட்டினாலும் காட்டும்னு எங்கேயோ படிச்சிருக்கேன்.”

அவள் என்னையே பார்த்தாள். “இதை நேத்தே ஞாபகம் வச்சிருக்கக் கூடாதா?”

அதோடு அவளுக்குச் சிறுநீர் நின்றுவிட்டது. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தாள். உள்ளே போவாள், வெறுங்கையோடு வருவாள். பின்னாலேயே அந்தப் பெண்மணியும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வருவார். ஆதரவாக நானும் குடித்தேன். எனக்கு நன்றாகவே வந்தது, அதை யாரும் கேட்கவில்லை. வெளியே மத்தியான வெயிலில் மைதானம் நீர்ப்பரப்பு போல நெளிந்தது. ஒலிபெருக்கியில் யார் யாரோ பெயர்கள் மிதந்து போயின. ஒரு வழியாகக் கொடுத்தாள். அதிகாரி ஒரு சொட்டெடுத்துக் கருவியில் வைத்துப் பார்த்தார்.

“வெறும் தண்ணியா இருக்கும்மா. இது செல்லாது. இன்னொரு தடவை.”

மறுபடி காத்திருந்தோம். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

“காட்டிருச்சுன்னா மெடல் போயிரும், முகாம் போயிரும். ஊருல ஊசி போட்டு ஓடுனவள்னு சொல்லுவாக. இல்ல மாமா?”

நான் அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்தேன்.

இரண்டாவது தடவை சரியாக அமைந்தது. இரண்டு குப்பிகளில் ஊற்றி மூடினார்கள். கடைசியாக அதிகாரி, இந்த ஒரு வாரத்தில் மாத்திரை, டானிக், நாட்டு மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் மேஜைக்கு அடியில் அவள் காலை அழுத்தினேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“கசகசாப் பாயாசம் சார்.”

பேனா நின்றது. “எவ்வளவு?”

“மூணு டம்ளர்.”

“காப்பி டம்ளர்தான் சார்,” என்றேன் நான், வக்கீல் மாதிரி.

“உங்களைக் கேக்கலைங்க. யாரும்மா கொடுத்தது?”

“அத்தை. தூக்கம் வரலைன்னு.”

எழுதிக்கொண்டார். “சொன்னது நல்லதாப் போச்சு. காட்டுமா காட்டாதான்னு லேப்தான் சொல்லணும். காட்டுச்சுன்னா தகவல் வரும். இல்லைன்னா ஒண்ணும் வராது.”

ஒன்றும் வராததற்காகக் காத்திருக்க ஆரம்பித்தோம். பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிப் பதில் வராமலே பழகியவன் நான். ஆனால் பதில் வரக் கூடாது என்று காத்திருந்தது அதுதான் முதல் தடவை. அக்கா தினமும் போன் செய்வாள்.

“ஏதும் வந்துச்சாடா?”

“ஒண்ணும் வரலக்கா.”

“அது நல்லதா, கெட்டதா?”

“இன்னைக்கு வரைக்கும் நல்லது.”

என் மனைவி கசகசா டப்பாவை எங்கே கொண்டுபோனாள் என்று தெரியவில்லை. “புள்ளைக்கு நானே வெசம் வச்ச மாதிரி ஆயிருச்சே,” என்று ஒரு தடவை சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உத்தமபாளையம் போயிருந்தேன். விடிந்தும் விடியாத நேரம். வாய்க்கால் கரையில் அவள் ஓடிக்கொண்டிருந்தாள். நெல் வயலிலிருந்து எழுந்த பனி அவளை முழுங்கும், கொஞ்ச தூரம் தள்ளி வெளியே விடும், மறுபடி முழுங்கும். அவள் வருகிறாளா போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் அப்போது தெரிந்திருக்காது.

பிறகு ஒரு நாள் முகாமுக்குப் போகிறவர்களின் பெயர்கள் அவளுடைய கோச்சுக்குப் போனில் வந்தன. அவள் பெயரும் இருந்தது. “ரிப்போர்ட் சுத்தமா இருந்தாத்தான் பேரு போடுவாக,” என்றார் அவர். அக்கா போனிலேயே அழுதாள்.

தேனி பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பப் போனோம். என் மனைவி புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பஸ் ஜன்னல் வழியாக அதை நீட்டினாள். அக்கா மகள் பொட்டலத்தைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள்.

“வேண்டாம் அத்தை.”

“இதுல ஒண்ணும் இல்லடி. புளி, மொளகா, நல்லெண்ணெய். அம்புட்டுத்தான்.”

“தெரியும் அத்தை. இருந்தாலும் இனிமே அங்கன குடுக்குறத மட்டும் திங்கலாம்னு இருக்கேன்.”

நீட்டிய கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு பொட்டலத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் அவள் கன்னத்தைத் தொட்டாள்.

“அதுதான் சரி ஆத்தா. பாத்துப் போ.”

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பியது. நாங்கள் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். என் மனைவி பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளினாள்.

“சாப்பிடுங்க. ஒங்கள யாரும் சோதிக்க மாட்டாக.”