கேன்டீன் அக்காவின் ரீல்

அந்தத் தூண்டில் ரீல் ஷூ பாலிஷ் டப்பாவை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கறுப்புப் பூச்சு உரிந்து அங்கங்கே அலுமினியம் தெரியும். ஒரு பக்கம் சின்னக் கைப்பிடி. சுற்றினால் சுவர்க்கோழி மாதிரி கிர்ரென்று கத்தும். அதை நான் முதன்முதலில் பார்த்தது பர்மா பஜாரில், டேப் ரெக்கார்டர்களும் செண்டு பாட்டில்களும் அடுக்கியிருந்த ஒரு கடையில். அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் கேன்டீன் அக்கா. கடைக்காரர் அவரை விட்டுவிட்டு என்னிடம், "ஊட்டுக்காரருக்காம்மா?" என்று கேட்டார். அக்கா நிமிரவே இல்லை. "எனுக்குத்தான். இன்னா, பொம்பள சுத்துனா சுத்தாதா இது?" என்றார். கடைக்காரர் சிரித்த சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஆவடிக்கும் திருமுல்லைவாயிலுக்கும் நடுவே ஒரு தொழிற்சாலையில் அப்பா ஃபிட்டர். திருநெல்வேலியிலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நானும் அங்கேயே ஸ்டோர்ஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். கேன்டீனில் மாவு அரைப்பதிலிருந்து அண்டா கழுவுவது வரை எல்லா வேலையையும் செய்த அந்த அக்காவுக்குக் காண்ட்ராக்ட் சம்பளம். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த ஏரியின் மறுகரையில் அவருடைய வீடு. அந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களில் அவரும் அவருடைய அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். வயல்கள் பிளாட்டாகவும் பட்டறையாகவும் மாறிய பிறகு அவருக்கு மிஞ்சியது ஏரி மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மூங்கில் கழி, கொஞ்சம் தூண்டில் நரம்பு, ஒரு முள், கொட்டாங்குச்சியில் மண்புழு, இவற்றோடு ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் கலங்கல் பக்கத்துக் கருங்கல்லில் வந்து உட்காருவார். மதியத்துக்குள் குழம்புக்கு ஆகிவிடும். ஆகாத நாளிலும் எழுந்திருக்க மனம் வராது. "எங்கம்மா இந்தக் கல்லு மேல ஒக்காந்துதான் எனுக்குப் பாலு குடுத்துகினே தூண்டி போட்டுச்சாம்" என்று ஒருமுறை சொன்னார். வாரம் முழுக்கப் பிறர் சொன்னபடி எழுந்து உட்கார்ந்தவருக்கு அந்தக் கல் ஒன்றுதான் சொந்த இடம்.

அதற்கும் ஒரு நாள் ஆபத்து வந்தது. தொழிற்சாலையின் மனமகிழ் மன்றத்துச் செயலாளர் ஏதோ பயிற்சிக்காக நீலகிரிப் பக்கம் போய்வந்தார். அங்கே யாரோ பெரிய மனிதர்கள் ஓடையில் நின்று ரீலும், பூச்சி மாதிரி தெரிய இறகு கட்டிய முள்ளுமாக மீன் பிடிப்பதைப் பார்த்திருக்கிறார். மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அடுத்த மாதமே மன்றத்துப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஏரிக்கரை இனி மன்றத்தின் பொறுப்பு, ரீல் பொருத்திய தூண்டில் உள்ளவர்கள் மட்டும் உட்காரலாம், மூங்கில் கழிக்கு அனுமதி இல்லை. ஏரியை இவர் வெட்டினாரா, மீனை இவர் விட்டாரா? அக்கா நேரே போய்க் கேட்டார். "நான் யாரையும் வராதன்னு சொல்லலியேம்மா. நீயும் ஒரு ரீல் வாங்கிக்கினு வா, ராஜாத்தி மாதிரி உக்காரு" என்றாராம் செயலாளர், பக்கத்திலிருந்தவர்கள் சிரிக்க. வாங்க முடியாது என்று தெரிந்துதானே அந்த விதியைப் போட்டார்கள்? கதவை அடைத்துவிட்டு, திறந்துதான் இருக்கிறது என்று சொல்வதற்கு எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும்!

"வாங்கிட்டாப் போச்சி" என்றார் அக்கா. அப்படித்தான் நாங்கள் இருவரும் மின்சார ரயிலேறிப் பர்மா பஜாருக்குப் போனோம். கடைக்காரர் முதலில் ஒரு பளபளப்பான ஜப்பான் ரீலைக் காட்டினார். அதன் விலையைக் கேட்டதும் அக்கா அதைக் கைக்குழந்தை மாதிரி பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்து வந்தது பிளாஸ்டிக் ரீல், விலை மலிவு. அக்கா அதைக் காதோரம் வைத்துச் சுற்றினார். உள்ளே பல்சக்கரங்கள் நறநறவென்றன. "நம்ம கிரைண்டரு மாதிரியே கத்துது. ஒரு மணலு உள்ள பூந்தா முடிஞ்சிது கத" என்று ஒதுக்கினார். அப்போதுதான் பெட்டிகளுக்கு அடியில் கிடந்த அந்தக் கறுப்பு ரீல் அவர் கண்ணில் பட்டது. அது மலையோடையில் இறகு முள் போடுகிறவர்கள் வைத்திருப்பது, மெட்ராஸில் யாரும் சீண்டுவதில்லை, பழைய சரக்கு என்றார் கடைக்காரர். அக்கா அதைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். ஒரு உருளை, ஒரு அச்சு, சத்தத்துக்கு ஒரு சின்னக் கொக்கி, வேறொன்றும் இல்லை. "ஒடையறதுக்கு உள்ள ஒண்ணியும் கெடயாது. இத்த குடு" என்றார். யாரும் வாங்காத பொருள் என்பதால் பேரம் படிந்தது.

முள் வாங்குவது இதைவிட அவமானம். ஆவடி மார்க்கெட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில் முள்களை டப்பாக்களில் வைத்திருப்பார்கள். நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும். விலை குறைந்த முள்ளில் பத்தில் பாதி மொண்ணையாக இருக்கும் என்பதால், வாங்குகிறவர்கள் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பார்ப்பது வழக்கம். நகத்தில் பிடித்து நின்றால் நல்ல முள், வழுக்கினால் குப்பை. எங்களுக்கு முன்னால் ஸ்கூட்டரில் வந்த ஒருவர் டப்பாவையே கவிழ்த்து நிதானமாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். அக்கா கை வைத்ததும் கடைக்காரர், "தே, கொட்டிக் கிளறாத, குடுக்கறத வாங்கிக்கினு போ" என்று அதட்டினார். அக்கா அசரவில்லை. "காசு என்னுது, நகம் என்னுது. உனுக்கு இன்னா நோவுது?" என்று கேட்டு, நின்று நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எடுத்தார்.

நல்ல மூங்கிலாகப் பார்த்து ரீலை சைக்கிள் டியூப் ரப்பரால் இறுகக் கட்டினார். நரம்பு ஓட ஊக்குகளை வளைத்து வளையமாக்கிக் கழியில் நூல் சுற்றிக் கட்டினார். காட்டப் போன இடத்தில் செயலாளர் அதை முன்னும் பின்னும் பார்த்தார். குறை சொல்ல எதுவும் கிடைக்காத எரிச்சல் முகத்தில் தெரிந்தது. "ரீல் சரிம்மா. ஆனா மண்புழு கூடாது. கரையெல்லாம் அசிங்கமாவுது. இறகு முள்ளு மட்டும்தான்" என்றார். அந்த விதி அதுவரை பலகையில் இல்லை. மறுநாள் காலை இருந்தது. இந்த மாதிரி ஆட்களுக்கு விதி என்பது சட்டைப் பையில் இருக்கும் மிட்டாய், வேண்டும்போது எடுத்துக்கொள்வார்கள். அக்கா கேன்டீனில் கோழி உரித்த நாளில் கழுத்துச் சிறகாகப் பொறுக்கி, அலசிக் காயவைத்து, புடவைக்கு ஃபால் தைக்கிற நூலால் முள்ளில் கட்டினார். முதலில் கட்டியது துடைப்பம் மாதிரி இருந்தது. நானும் அவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நாலைந்து தடவை பிரித்துக் கட்டிய பிறகு, தண்ணீரில் போட்டால் ஏதோ பூச்சி தத்தளிப்பது போலவே இருந்தது. ஜிலேபிக் கெண்டை வந்து கவ்வியது.

மன்றத்தின் ஆண்டு விழாவையொட்டி மீன்பிடிப் போட்டி வைத்தார்கள். அக்காவும் பெயர் கொடுத்தார். மறுக்க வழியில்லை. ஷாமியானா, நாற்காலிகள், ரோஸ் மில்க். தலைமை விருந்தினராக ஒரு பெரிய அதிகாரி வந்தார். செயலாளர் தன்னுடைய ஜப்பான் ரீலை அவர் கையில் கொடுத்து முதல் வீச்சை வீசச் சொன்னார். அவர் வீசிய வேகத்தில் நரம்பு மொத்தமும் சிக்கிக்கொண்டு, பூனை உருட்டிய நூல்கண்டாகிவிட்டது. போட்டோகிராபர் காத்திருக்கிறார். செயலாளர் சுற்றிலும் பார்த்தார். கலங்கல் கல்லில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் ஓடிவந்தார். "ஏம்மா, அந்த ரீலக் குடு. எந்திரி, ஐயா இங்க உக்காரட்டும். நீ போய் ரோஸ் மில்க்கு ஊத்து." அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அக்காவுக்கு விடுமுறை. அவர் போட்டியில் பெயர் கொடுத்த ஆள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அக்கா ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு நரம்பை இழுத்துத் தக்கைக்குக் கீழே பல்லால் கடித்து அறுத்தார். முள்ளை முந்தானையில் குத்திக்கொண்டு கழியை நீட்டினார். செயலாளர் இருந்த அவசரத்தில் எதையும் பார்க்கவில்லை. தானே வீசி, தக்கை மிதந்ததும் அதிகாரி கையில் கொடுத்தார். கைதட்டல், போட்டோ எல்லாம் ஆனது. ஆனால் அக்கா ரோஸ் மில்க் ஊற்றப் போகவில்லை, அங்கேயே நின்றார். வெயில் ஏறியது. தக்கை அசையவே இல்லை. அதிகாரி நெளிந்தார், "என்னய்யா, இந்த ஏரியில மீனே இல்லையா?" என்று கேட்டார். செயலாளர் கைகளைப் பிசைந்துகொண்டு, "மீனெல்லாம் இருக்கு சார். இது சீப்பான ரீல் சார், இவங்க எல்லாம் எங்கேயோ பொறுக்கிட்டு வர்றது" என்றார்.

அதற்கு மேல் அக்கா பொறுக்கவில்லை. "ரீலு மேல குத்தம் சொல்லாத சாரு" என்று அவர் போட்ட குரல் ஷாமியானா வரை கேட்டது. முந்தானையிலிருந்து முள்ளை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். கோழி இறகு காற்றில் ஆடியது. "ரீலு கேட்ட, குடுத்தேன். ரீலு இல்லாதவங்கோ ஒக்காரக் கூடாதுன்னுதானே எய்தி ஒட்டுன? அவரு கைல ரீலு கீது, நல்லா ஒக்காரட்டும். முள்ளு என்னுது." அதிகாரிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் முகம் கறுத்தது. கழியைக் கீழே போட்டுவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார். அக்கா கழியை எடுத்தார், கல்லில் உட்கார்ந்து முள்ளைக் கட்டினார், வீசினார்.

திங்கட்கிழமை காலை கேட்டிலேயே நிறுத்தி, இனி வரவேண்டாம் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்கு ஆள் குறைப்பாம். நான் செயலாளரிடம் போய்க் கத்தினேன். அது காண்ட்ராக்டர் விஷயம், நமக்கெதற்கு என்று ஃபைலைப் புரட்டினார். அத்தனை வருஷம் அந்தக் கையால் இட்லி சாப்பிட்டவர்களில் ஒருவர் வாய் திறந்தாரா? இல்லை.

அடுத்த ஞாயிறு விடியும்போதே போய்ப் பார்த்தேன். கல்லில் அக்கா உட்கார்ந்திருந்தார். கையில் வெறும் மூங்கில் கழி, பக்கத்தில் கொட்டாங்குச்சி நிறைய மண்புழு. ரீல் எங்கே என்று கேட்டேன். வீட்டில் இருக்கிறது என்றார். வாட்ச்மேன் விதியைச் சொல்லி விரட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். புழுவை முள்ளில் கோத்தபடியே, தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"வந்து சொல்லச் சொல்டு. அவங்க சோத்துக்கு பயந்துதான் அவங்க ரீல வாங்குனேன். இப்ப அந்தச் சோறும் இல்ல, நான் இன்னாத்துக்கு பயப்படணும்?"