குச்சியைக் கடித்துக் கேட்பவன்

டிரம்ஸுக்குச் சுருதி கூட்டுவதில் அரசுவுக்கென்று ஒரு வழி இருந்தது. குச்சியின் தடித்த முனையைக் கடைவாய்ப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடித்துக்கொள்வான். மெல்லிய முனையை டிரம்மின் விளிம்பில் ஊன்றுவான். கண்ணை மூடிக்கொண்டு நடுவிரலால் தோலின் ஓரத்தில் ஒரு தட்டு. தாடை லேசாக அசையும். பிறகு திருகாணியை ஒரு நூல் அளவு முறுக்குவான். மறுபடி ஒரு தட்டு. இப்படியே விளிம்பைச் சுற்றி வருவான். அவசரப்படுத்தினால் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்திப் பொறு என்பான். முடிந்ததும் பல் தடம் விழுந்த இடத்தைச் சட்டையில் துடைத்துப் பையில் சொருகுவான். அவன் குச்சிகள் எல்லாமே முனையில் நாய் கடித்துப் போட்ட எலும்பு மாதிரி இருக்கும்.

அவன் வாசிக்கும் 'லாஸ்ட் லோக்கல்' இசைக்குழுவின் முதல் ஆல்பத்துக்கு அட்டைப் படமாகப் போட்டது இதைத்தான். கண்ணை மூடி, குச்சியைக் கடித்தபடி அரசு. ஆல்பம் ஓடத் தொடங்கியதும் திருத்தணி கலைக் கல்லூரிப் பையன்கள் பேனாவைக் கடித்து பெஞ்சில் ஊன்றி அதேபோல் படம் எடுத்துப் போட்டார்கள். அது அவன் ஸ்டைல் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

வீடு அம்மையார்குப்பத்தில். முன்னறையில் இரண்டு விசைத்தறி, பின்னறையில் அடுப்பும் பாயும். தறிக்கு மேலே போகும் உத்தரத்தில் புடவைத் தொட்டில் கட்டித்தான் அம்மா ஜெயம்மாள் அவனை வளர்த்தாள். அந்த இரைச்சலில்தான் பால் குடித்தான், அதிலேயே தூங்கினான். கரண்ட் போய்த் தறி நின்றால் குழந்தை வீறிட்டு அழும் என்று தெருவில் சிரிப்பார்கள். தறி ஓடும்போது கத்திப் பிரயோஜனம் கிடையாது. அங்கே யாரும் கத்தவும் மாட்டார்கள். வாயைத் திறந்து மூடினால் எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். பாவு நூல் அறுந்துபோச்சு, கஞ்சி ஆறுது வா, மேலத்தெருக்காரன் மறுபடி குடிச்சிட்டு வந்திருக்கான் எல்லாமே உதட்டில்தான் நடக்கும். கூலிக்கு ஓட்டும் கொட்டகைகளில் முதலாளி முதுகைத் திருப்பியதும் அவரை வாயால் வறுத்தெடுப்பார்கள். அவர் காதில் விழாது. யார் காதிலும் விழாது.

அரசு பிளஸ் டூ படிக்கும்போது அப்பா பரசுராமன் நெஞ்சுவலியில் போனார். அதற்குப் பிறகு அரசு பகலில் தறி, சாயங்காலம் அரக்கோணத்தில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் என்று ஓடினான். ஆடிக் கிருத்திகையில் காவடிக்குப் பின்னால் பம்பை அடித்துக்கொண்டு மலையேறிய கை அது. சும்மா இருக்காது.

ஆர்கெஸ்ட்ராவில் அவன் அடிப்பதைப் பார்த்துவிட்டு வந்து பிடித்தவன் ராஜீவ். திருத்தணிக்காரன், கிதார் வாசிப்பான், பாட்டுக்கு மெட்டுப் போடுவான். சென்னைக்கு வேலைக்குப் போகும் ரயிலில் அவனுக்குப் பழக்கமானவள் பாடகி சௌமியா. மூன்று பேரும் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் காதர் பாய் மெக்கானிக் ஷாப்பின் மாடியில் பயிற்சி செய்தார்கள். காதர் பாய் அடிக்கடி மாடிப்படியில் தலையை நீட்டுவார்.

"தம்பி அரசு, கீழ லாரி இன்ஜினு ஓடுதா நின்னுச்சான்னே எனக்குத் தெரியல. கொஞ்சம் பாத்து அடிப்பா."

"பாத்துத்தான் அடிக்கிறேன் பாய்."

"அப்ப பாக்காம அடி."

ஆல்பத்தின் பெயர் 'கேட்டுக்கு அந்தப் பக்கம்'. அதிலிருந்து முதலில் தனியாக விட்ட பாட்டு 'ஜன்னல் சீட்டு'. மழைக்காலத்தில் வந்தது. தை பிறப்பதற்குள் ஷேர் ஆட்டோக்களில் ஏறிவிட்டது. அடுத்தது 'பாவா', பாதி தமிழ், பாதி தெலுங்கு. திருப்பதி பஸ்ஸிலும் கல்யாண மண்டபத்திலும் அதுதான். மூன்றாவது 'ராத்திரி ஷிப்ட்'. அது அரசுவின் பாட்டு. நூல் சுமந்த நாடா அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பாய்கிற தறித் தாளத்தை அவன் டிரம்ஸில் இறக்கியிருந்தான். முன் இரண்டும் ஊரைப் பிடித்தன என்றால் இது ஊரைத் தாண்டியது. யாரோ ஒரு விமர்சகர், சிம்பல் என்கிற வெண்கலத் தட்டுகளில் அந்த டிரம்மர் காட்டும் கோபம் ஒரு தலைமுறையின் கோபம் என்று எழுதினார். ஒலிப்பதிவு செய்த வேதாசலம் மட்டும் அப்போதே கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருந்தார்.

"ஏம்பா, அந்தத் தட்டு உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு? காது கிழியுது."

அரசு சிரித்தான். அந்தத் தட்டு எவ்வளவு அடித்தாலும் போதாத மாதிரியேதான் அவனுக்கு இருந்தது.

ஜெயம்மாள் மகனுடைய பாட்டுகளைப் போனில் வீடியோவாகப் பார்ப்பாள். முதல் இரண்டும் வரிக்கு வரி அவளுக்குப் பாடம். மூன்றாவதைப் போட்டால் முகத்தைச் சுளிப்பாள்.

"இது மட்டும் நல்லால்ல நைனா."

"ஊரே இதத்தான் கேட்டுகினு இருக்குதும்மா."

"அந்தப் பொண்ணு மைக்க வாயிலயே வச்சிகினு திங்கிறா மாதிரி பாடுது. ஒரு வார்த்த புரியல."

"உனக்கு வயசாயிடுச்சி."

"ஆங். உனக்கு மட்டும் புரிஞ்சிடுச்சாக்கும்."

புரியவில்லைதான். ஒத்திகையில் பார்த்துப் பார்த்து வரிகள் தெரியும், அவ்வளவே. சென்னைப் பழக்கம் வந்தால் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுவார்கள் போல என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தான்.

அது அப்படியில்லை என்று தெரிந்தது மலைக்கோயிலில். ஆல்பம் நன்றாகப் போகிறதென்று மூவரும் சாமி கும்பிடப் போனார்கள். திரை விலகியது. குருக்கள் ஒரு கையில் தீபம் காட்டி மறு கையில் மணியை ஆட்டினார். மணி ஆடியது. நாக்கு இரு பக்கமும் இடித்தது. அரசு பார்த்துக்கொண்டே நின்றான். சத்தம் வரவில்லை. பக்கத்தில் சௌமியா கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லார் முகத்திலும் அந்த மணி இருந்தது. அவனுக்கு மட்டும் ஒரு வெண்கலப் பூ காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

கீழே இறங்கும்போதுதான், குச்சியைப் பல்லில் கடித்துக் கேட்டது ஸ்டைல் இல்லை என்று புரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டிரம்ஸுக்குப் பின்னாலிருக்கும் அந்த முக்காலி போய்விடும். அது போனால் திரும்பிப் போக இருப்பது முன்னறைத் தறி ஒன்றுதான்.

சென்னையில் பெரிய மைதானத்தில் நிகழ்ச்சி. 'ராத்திரி ஷிப்ட்' கடைசிப் பாட்டு. காதில் மாட்டிய கருவியில் தாளக் கணக்கு டிக் டிக்கென்று விழும். அதை அவன் முழு சத்தத்தில் வைத்திருப்பான். பாட்டு முடியும் இடத்தில் சௌமியா பாதி திரும்பி அவனைப் பார்ப்பாள். இந்த இரண்டும்தான் அவன் பிடி. அன்று பாட்டு நடுவிலேயே காதிலிருந்த கருவி செத்துப்போனது. மேடையில் புகையை விட்டு, சிவப்பு விளக்கைப் போட்டார்கள். சௌமியாவுக்குத் தொண்டை கட்டி, கடைசிச் சரணத்தைப் பாடாமல் வெட்டி முடித்துவிட்டாள். அவள் திரும்பியது புகையில் தெரியவில்லை. எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். அரசு அடித்துக்கொண்டே இருந்தான்.

புகை கொஞ்சம் விலகியபோது ராஜீவின் வலது கை தந்தியை விட்டுத் தொங்குவதைப் பார்த்தான். நிறுத்தினால் தெரிந்துவிடும். நிறுத்தாவிட்டால்? குனிந்த தலை நிமிராமல் இன்னும் வேகமாக, இன்னும் பலமாக அடித்தான். வேண்டுமென்றே செய்கிறவன் மாதிரி தறித் தாளத்தைத் தலைகீழாக ஓட்டினான். கடைசியில் இரண்டு குச்சியையும் வீசிவிட்டு எழுந்தான். எதிரே எத்தனையோ வாய்கள் திறந்திருந்தன. உதடு படித்து வளர்ந்தவன், அவற்றில் ஒன்றைக்கூடப் படிக்க முடியாமல் நின்றான்.

மறுநாள் போனெல்லாம் அந்த வீடியோ.

"இன்னாடா மச்சான் அது! ஒரு வார்த்த சொன்னியா நீ?" ராஜீவ் கட்டிப்பிடித்துக் குலுக்கினான். "இனிமே எல்லா ஷோலயும் அத வச்சிர்றோம். ஜனம் அதுக்குன்னே வரும்."

ஜனம் வந்தது. ஊர் ஊராக அவன் அந்தத் தவறைத் திரும்பத் திரும்ப வாசித்தான். ஒவ்வொரு முறையும் அது காதில் மிச்சமிருந்ததில் கொஞ்சத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போனது.

கண்டுபிடித்தவள் சௌமியா. திரும்பி வரும் ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தவள் துப்பட்டாவை மூக்கு வரை இழுத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி சொன்னாள். துப்பட்டாவை இறக்கினாள்.

"நான் இப்ப என்ன சொன்னேன்?"

"தூங்கலியான்னு கேட்ட."

"உன் பைய ஒருத்தன் தூக்கிகிட்டுப் போறான்னு சொன்னேன். ரெண்டு தடவ." அவள் கண் கலங்கியிருந்தது. "எத்தனை நாளா அரசு?"

"ராஜீவ்கிட்ட சொல்லாத."

"சொல்லல. டாக்டர்கிட்ட வர்றியா?"

டாக்டர் அவனைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றார். நெடுநேரம் கை மடியிலேயே கிடந்தது. வெளியே வந்ததும் அவர் சொன்னார்: தறியில் பாதி போயிருக்கிறது, சின்ன வயசிலேயே. மீதி டிரம்ஸில் போய்க்கொண்டிருக்கிறது. போனது வராது. இப்போதே விட்டால் இருப்பது நிற்கும்.

"வுடலன்னா சார்?"

டாக்டர் மருந்துச் சீட்டு எழுதக் குனிந்துகொண்டே பதில் சொன்னார். அரசு சௌமியாவைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னா சொன்னாரு?"

அவள் சீட்டைக் கைநீட்டி வாங்கினாள். "விட்டுடுன்னு சொன்னாரு" என்றாள்.

அவன் விடவில்லை. அந்த வருடம் முழுக்க ஆல்பத்துக்கு நல்ல காலம். நல்ல காலத்தில் எவன் எழுந்து போவான்? இரண்டாவது ஆல்பத்துக்கு வேறு ஸ்டூடியோ பிடித்தார்கள். அங்கே நடுவில் கண்ணாடி இல்லை, முழுச் சுவர். மறுபக்கம் இருப்பவர் பேசுவது ஹெட்போனில் மட்டும் வரும். அரசு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஆரம்பி என்றார்கள். உட்கார்ந்திருந்தான். நிறுத்து என்றார்கள், அப்போது அவன் ஆரம்பித்திருந்தான். ராஜீவ் கதவைத் திறந்துகொண்டு வந்து முன்னால் நின்றான். திட்டியிருந்தால் தேவலை. உதட்டை நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் அசைத்தான்.

"கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு மச்சான். நாங்க எங்க போயிடப் போறோம்."

அவன் இடத்துக்கு ஆசிம் என்று அரக்கோணத்துப் பையன் வந்தான். நல்ல பையன், நல்ல கை. வீடியோவை ஓட்டி ஓட்டி அந்த மைதானத்துத் தவறை அடிக்கு அடி கற்றுக்கொண்டான். கடைசியில் குச்சி வீசுவதுகூட அதே இடத்தில். ஜனத்துக்கு அது வேண்டியிருந்தது.

அரசு அம்மையார்குப்பத்துக்கு வந்து மறுநாளே தறியில் நின்றான். ஒரு மத்தியானம் கரண்ட் போயிற்று. தெருவில் எல்லாத் தறியும் நின்று, பாதத்துக்குக் கீழே தரை அதிராமல் கிடந்தது. சோற்றைப் போட்ட ஜெயம்மாள் கரண்டியைத் தட்டில் அடித்தாள்.

"எதுக்குடா இங்க வந்து நிக்கிற? இதுலேர்ந்து உன்ன வெளிய தள்ளத்தான நான் இத்தினி நாளு நின்னேன்?"

"தள்ளுனது போதும்மா. வந்துட்டேன்."

"அந்தப் பசங்ககிட்ட போய்ச் சொல்லு. வைத்தியம் பாத்துக்கிறேன், வாசிக்கிறேன்னு சொல்லு."

"இன்னா சொல்றது? அங்க நான் பத்து பேர திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லுன்னு கெஞ்சணும். இங்க யாருகிட்ட கெஞ்சப் போறேன்? நீ சொல்றது புரியுது. பக்கத்து வூட்டு அனிதாக்கா சொல்றது புரியுது. போதும்."

"தறி மிச்சத்தையும் தின்னுடும்டா நைனா."

"தின்னட்டும். உன் காதத் தின்னல?"

அவள் ஏதோ சொல்ல வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குமேல் அவன் படிக்க எதுவும் இல்லை. வாசலில் நிழல் விழுந்ததைப் பார்த்துத் திரும்பினான். சௌமியா நின்றுகொண்டிருந்தாள். முதல் ஆல்பத்துக்குக் கிடைத்த கேடயத்தை அவனுக்கென்று கொண்டுவந்திருந்தாள். உள்ளே வா என்றான். அவள் உடனே வரவில்லை. கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, பேயைக் கண்டவள் மாதிரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வந்தாள், சாப்பிட்டாள், சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாள். கேடயம் இப்போது தறிக்குப் பக்கத்து மாடத்தில் இருக்கிறது. அதிர்வில் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வரும். ஜெயம்மாள் உள்ளே தள்ளி வைப்பாள்.

அன்று வாசலில் சௌமியா ஏன் அப்படி நின்றாள் என்பது, பின்னால் அவளே ராஜீவிடம் சொன்ன பிறகுதான் வெளியே தெரிந்தது. அவள் வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. தெருவே அடங்கிக் கிடந்தது. ஒரு காக்கை கத்தியது, கரண்டி தட்டில் பட்டது, அதெல்லாம் கேட்டது. உள்ளே அம்மாவும் மகனும் முகத்துக்கு முகம், கை வீசி, கழுத்து நரம்பு புடைக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் வாயிலிருந்தும் சத்தமே வரவில்லை. ஒரு கிசுகிசுப்புகூட இல்லை. திரும்பும்போது பக்கத்து வீட்டு அனிதாவிடம் கேட்டாள்.

"அவங்க எப்பவுமே அப்பிடித்தாங்க. அரசு அப்பா செத்ததுலேர்ந்து அந்த வூட்ல பேச்சு சத்தம் கேட்டதே இல்ல" என்றாள் அனிதா. "வெளிய வந்தா நம்மகிட்ட நல்லா சத்தமாத்தான் பேசுறாங்க. உள்ள போனா இப்பிடி. அவங்களுக்கே தெரியாதுங்க அது. நாங்களும் சொல்லிக்கல."

சௌமியாவும் அவர்களிடம் சொல்லவில்லை.