அம்மா பேரில் ஓர் ஒப்பாரி

நாடகம் படிக்கும் நான், ஆராய்ச்சிக்கு ஒப்பாரியைத் தலைப்பாக எடுக்க நினைத்தேன். சாவு விழாத வீட்டில் பாடினால் ஆகாது என்று நான் பாடிக்காட்டக் கேட்ட எல்லாப் பெண்களும் மறுத்தார்கள். தலைப்பு கொடுக்கும் நாள் நெருங்க, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பண்டசோழநல்லூரில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் கேட்டேன்.

"இன்னாடி, யார சாவடிக்கச் சொல்ற?" என்று சிரித்தார். "உங்க வூட்ல யார்னா தவறிட்டாங்களா?"

"எங்கம்மாதான்க்கா. போன மாசம்."

சிரிப்பு நின்றது. "அழுதியா?"

"அழுகையே வரலக்கா."

கத்தியைக் கீழே வைத்தார். "அம்மா பேரு சொல்லு."

"செல்வி."

வரப்பில் உட்கார்ந்து, என் தோளைக் கட்டிக்கொண்டு, தான் பார்த்தே இராத என் அம்மாவைப் பேர் சொல்லிப் பாடினார். போனில் பதிவு செய்யவே மறந்து, வாய்விட்டு அழுதேன்.

ஒப்பாரியையே தலைப்பாகக் கொடுத்துவிட்டேன். அந்தப் பாட்டில் ஒரு வரிகூட நினைவில்லை. அக்காவிடம் போய் மறுபடி பாடச் சொல்லத்தான் மனம் வரவில்லை.